செகண்ட் ஷிஃப்டின் பதினேழு பாட்டு

இருநூற்றுப் பதினான்கு பேர். செகண்ட் ஷிஃப்ட் சேனலைப் பின்தொடர்ந்தவர்கள் அவ்வளவுதான். அதில் மூன்று பேர் நான். என் பேரில் ஒன்று, அப்பா போனில் ஒன்று, ஆபீசில் கொடுத்த மெயிலில் ஒன்று. மீதியில் பாதிப் பேர் அவனோடு வேலை செய்கிறவர்கள். முகத்துக்காகச் சேர்ந்தவர்கள். ஒரு பாட்டையும் கடைசி வரை கேட்டிருக்க மாட்டார்கள்.

செகண்ட் ஷிஃப்ட் என்பது ஜெகதீசன் பாட்டுக்காக வைத்துக்கொண்ட பெயர். சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு. பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புப் பட்டையை அழுத்தி எடுக்கும் பிரஸ்ஸில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. பகல் இரண்டரைக்கு உள்ளே போகிற ஷிஃப்ட். கம்பெனி வேனில் போகும்போது எழுதுவான், போனில், ஒரு கட்டைவிரலால்.

ராப் என்றால் தங்கச் சங்கிலியும் வாடகைக் காரும் வேண்டும் என்று இங்கே ஒரு கூட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஜெகதீசன் பாட்டில் வருகிற ஒரே சங்கிலி பைக் செயின்தான், அதுவும் அறுந்துபோனது. அவன் கத்த மாட்டான். மேனேஜரிடம் லீவு கேட்கிற குரலில் ஆரம்பிப்பான். நாலாவது வரியில் அந்தக் குரல் அப்படியே இருக்கும், ஆனால் கேட்கிற நாம் கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிடுவோம்.

*பேட்ஜுல பேரு இல்ல, நம்பருதான் கீது*
*நம்பருக்கு வேர்த்தா அதுக்கு இன்னா பேரு?*

நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தாசில்தார் ஆபீசில் அதற்கென்று கொடுக்கிற சர்டிபிகேட்டும் வைத்திருக்கிறேன். அந்த நாலு வருஷத்தில் யாரும் எனக்கு இப்படி இரண்டு வரி சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு பாட்டின் கீழேயும் பத்தி பத்தியாக எழுதுவேன். எந்த வரியில் எந்த இடத்தில் மூச்சை விட்டான், ஏன் அந்த இடத்தில் விட்டான், எல்லாம். ‘நன்றி சிஸ்டர்’ என்று பதில் வரும். வேறு யாரும் அங்கே எதுவும் எழுத மாட்டார்கள். கூட்டம் முடிந்த கல்யாண மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

நேரில் பார்த்தது மாமல்லபுரத்தில். கடற்கரைத் தெருவில் ஒரு காபிக் கடை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்று போட்டிருந்தார்கள். மேடை என்றால் நாலு மரப்பலகை. கேட்க வந்தது பதினோரு பேர், அதில் மூன்று வெள்ளைக்காரர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட வந்தவர்கள். நடத்தியவன் நாவலூர் அபார்ட்மெண்ட் ஒன்றில் இருக்கிற தேஜஸ். ஜெகதீசன் இரண்டாவது பாட்டு நடுவில் இருக்கும்போதே இவன் மைக் ஒலியைக் குறைத்துவிட்டு ஏறினான்.

“ப்ரோ, சூப்பர் ப்ரோ. கொஞ்சம் வைப் டவுனா இருக்கு, நெக்ஸ்ட் ஆளைக் கூப்பிடலாமா?”

நான் எழுந்தேன். “அவரு முடிக்கட்டும். நீ கேட்டியா அவரு இன்னா சொன்னாருன்னு? பிரஸ்ஸுல வெரல் போனதப் பத்திப் பாடுறாரு, அதுக்கு உனக்கு வைப்பு வேணுமா?”

தேஜஸ் சிரித்தான். சண்டை போடக்கூடத் தெரியாத சிரிப்பு. ஜெகதீசன் மைக்கை அதன் கம்பியில் பத்திரமாக மாட்டிவிட்டு இறங்கினான். கூட வந்திருந்தவன் என்னைப் பார்த்து, “சிஸ்டர், நீங்கதான அந்த பெரிய பெரிய கமெண்டு?” என்றான். அவன் ஜான்சன்.

ஜான்சன் கோவளம். ஜெகதீசனின் பதினேழு பாட்டையும் பதிவு செய்து, தன் லேப்டாப்பிலிருந்து சேனலில் ஏற்றியவன் அவன்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை, அவன் அம்மாவின் பழைய புடவைகளை நாலு சுவரிலும் தொங்கவிட்டு எதிரொலி வராமல் செய்திருந்தான். அப்படியும் கடலை நிறுத்த முடியவில்லை. மூன்றாவது பாட்டில், இரண்டு வரிகளுக்கு நடுவே, அடியில் அலைச் சத்தம் இருக்கும். அதைப் பற்றி நான் ஒரு கமெண்ட் எழுதியிருந்தேன். அது வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டிருந்தேன்.

“வேணும்னு இல்ல சிஸ்டர். ஃபேனு நிறுத்தலாம், கடல இன்னா பண்றது?” என்றான். டீக்கடையில் மூன்று பேரும் நின்றிருந்தோம்.

“ரெண்டு பேருக்கும் ஆறு வருஷ பழக்கமா?” என்றேன்.

“கல்யாணம் பண்ணிகினாகூட இவ்ளோ நாளு தாங்கிருக்காது,” என்றான் ஜெகதீசன். “இவனுக்கு ஒரே கொற. நான் நெட்டுலேந்து ஃப்ரீ பீட்டு எடுத்துப் பாடுறனாம்.”

“கொறதான்டா. வெளிநாட்டுல எவனோ போட்ட தாளத்துல எத்தினி நாளு ஓட்டுவ? நான் பண்ணித் தரேன்றேன்.”

“உன் பீட்டு கேஸ் சிலிண்டர உருட்டிக்கினு போறா மாரி கீது மச்சான்.”

ஜான்சன் அவன் முதுகில் ஒன்று வைத்தான். பிறகு என்னிடம் திரும்பி, “ஃப்ரீயாதான் குடுக்கிறாங்க சிஸ்டர். ஒண்ணே ஒண்ணு. பாடிக்கலாம், போட்டுக்கலாம், ஆனா இது என்னுதுன்னு எங்கயும் எழுதிக் குடுக்கக் கூடாது. அப்படி எழுதினா அவன் வந்து எல்லாத்தையும் தூக்கிருவான்,” என்றான்.

கேட்டேன். காதில் விழுந்தது. மறக்கவும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் மனைக்காரனின் விளம்பரம் வந்தது. ஜெகதீசனின் ‘ஏரி’ பாட்டு, என்னைக் கேட்டால் அதுவரை அவன் எழுதியதிலேயே உசத்தியானது, இப்படித் தொடங்கும்:

*ஏரிக்கர ஓரமா எனக்கும் ஒரு எடம் வேணும்*

கிண்டல் அது. அடுத்த வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

*எங்கப்பன் நாத்து நட்டான், இவன் அளவுகல்லு நட்டான்*
*அர அடி தண்ணி நின்னா வெள்ளமுன்னு கத்துறான்*
*வெள்ளம் இல்ல மச்சான், ஏரிதான் அது*
*தன் வூட்டுக்கு வந்துகினு கீது*

செங்கல்பட்டுப் பக்கம் மனை விற்கிற ஒருவன் முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து, ட்ரோனில் எடுத்த படத்துக்குப் பின்னால் ஓடவிட்டிருந்தான். ஏரியை மூடிப் போட்ட மனை. மேலே ‘கடைசி பன்னிரண்டு மனைகள்’ என்று எழுத்து. எட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஜெகதீசன் பேர் எங்கும் இல்லை. எங்கள் அப்பா நிலத்தை விற்றுவிட்டு இப்போது நாவலூர் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அவர் போனிலேயே அந்த விளம்பரம் வந்தது. நல்லா கீதே பாட்டு என்றார். எனக்கு உடம்பு எரிந்தது.

ஜெகதீசனிடம் சொன்னேன். “வுடு தமிழு, எவனோ கேக்கிறானே,” என்றான். டீக்கடைக்குப் பிறகு சிஸ்டர் போய், நான் பேரோடு தமிழு ஆகியிருந்தேன். அந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இவர்களுக்கு எல்லாம் வுடு. விரல் போனாலும் வுடு. மைக்கைப் பிடுங்கினாலும் வுடு.

என் வேலை சிறுசேரியில். அமெரிக்காவில் யாருக்கோ மூட்டு வலி. அவர் ஆஸ்பத்திரி அனுப்புகிற இன்சூரன்ஸ் படிவத்தில் கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று நான் இங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது படிவம். ஒரு கட்டம் தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஊரிலும் அப்படித்தான். அனுமந்தபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கு எந்த மனு என்றாலும் என்னிடம் வரும். முதியோர் பென்ஷன், பட்டா, ஸ்காலர்ஷிப். நான் நிரப்பினால் திரும்பி வராது என்று பேர்.

சாப்பாட்டு நேரத்தில் பாட்டைப் பதிவு செய்து உலகமெல்லாம் அனுப்புகிற ஒரு தளத்தைத் திறந்தேன். சேனல் லிங்க்கைக் கொடுத்தால் போதும், பாட்டை அதுவே எடுத்துக்கொள்ளும்; ‘ஏரி’யையும் இன்னும் இரண்டு பாட்டையும் அப்படி ஏற்றினேன். எழுதியவர், பாடியவர்: ஜெகதீசன். பதிவு: ஜான்சன். பேர் போடுவதில் நான் யாரையும் விட மாட்டேன். கீழே ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பதிவில் உள்ள இசை உட்பட அனைத்தும் உங்களுக்கே சொந்தமா? ஆம், இல்லை. அதற்குக் கீழே இன்னொரு கட்டம். இந்த ஒலி உலகில் எந்த வீடியோவில் வந்தாலும் அதன் மீது உரிமை கோரவா?

டீக்கடையில் ஜான்சன் சொன்னது நினைவில் இருந்தது. இல்லை என்று போட்டால் அடுத்த பக்கம் திறக்காது, மனைக்காரன் தப்பித்துவிடுவான். வெளிநாட்டில் எவனோ தாளம் போட்டான், அவனா இந்த இருநூறு பேர் பாட்டைத் தேடி வரப்போகிறான்? ஊரில் இருக்கிறவன் எல்லாம் பொய்க் கையெழுத்துப் போட்டு ஏரியையே எழுதி வாங்கிவிட்டான், நாம் ஒரு கட்டத்தில் ஆம் போட்டால் குடி முழுகிவிடுமா என்று நினைத்தேன். இரண்டிலும் ஆம்.

இரண்டே நாளில் மனைக்காரன் விளம்பரத்தில் சத்தம் போய்விட்டது. ட்ரோன் ஊமையாகப் பறந்தது. சிறுசேரி பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்று இரண்டு பிளேட் பஜ்ஜி சாப்பிட்டேன். ஜெகதீசனிடம் சொல்லவில்லை. இன்னும் நாலு விளம்பரம் விழட்டும், பிறகு மொத்தமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் சேனல் இல்லை. சாம்பல் நிறப் பக்கம் ஒன்று வந்தது. உரிமை மீறல் புகார்கள் காரணமாக இந்தக் கணக்கு நீக்கப்பட்டது. மூன்று ஐடியிலும் பார்த்தேன். மூன்றிலும் அதே சாம்பல். பதினேழு பாட்டும் போயிருந்தன. என் போனில் ஒன்றுகூட இல்லை. டவுன்லோட் பண்ணிக் கேட்டால் எண்ணிக்கை ஏறாது என்று ஒரு தடவைகூட நான் பண்ணியதில்லை. ஒவ்வொரு தடவையும் அங்கே போய்த்தான் கேட்பேன், அவனுக்கு ஒன்று கூடட்டும் என்று.

மெயிலைத் திறந்தால் அந்தத் தளம் எனக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் ஏற்றிய மூன்று பாட்டையும் அங்கேயும் அழித்துவிட்டார்கள். நான் சொந்தம் என்று போட்ட தாளத்தை வைத்து அவர்கள் மனைக்காரனை மட்டும் பிடிக்கவில்லை. அதே தாளத்தில் பாடிய உலகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும், தாளம் போட்டவனையுமே பிடித்திருக்கிறார்கள். அவன் கோபத்தில், நான் கொடுத்த லிங்க்கைப் பிடித்துப் போய், ஜெகதீசன் சேனல் மீது மூன்று பாட்டுக்கும் மூன்று புகார் போட்டிருக்கிறான். மூன்று புகார் விழுந்தால் சேனல் போகும். அவ்வளவுதான் கணக்கு. எனக்கு ஒரு தடவை படித்ததும் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை.

மறுநாள் பகல் ஒன்றரைக்கு, அவன் ஷிஃப்டுக்குப் போகும் முன்னால், சிங்கப்பெருமாள் கோயில் பஸ் ஸ்டாண்ட் எதிரே பார்த்தேன். சொல்லிவிடுவது என்றுதான் லீவு போட்டுவிட்டு வந்தேன். அவன் கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை.

“யாருன்னு தெரிஞ்சிடுச்சி தமிழு,” என்றான்.

மெயில் இருந்த போனைப் பைக்குள் போட்டேன்.

“ஜான்சன்.”

“ஜான்சனா?”

“அந்தப் பீட்டு எங்கேந்து எடுத்தோம்னு எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். மூணுத்தையும் கரீட்டா சொல்லி புகார் குடுத்துகிறாங்க. போன மாசம் தேஜஸு இவன மட்டும் கூப்ட்டு சவுண்டு வேல குடுத்தான். நான் கேட்டேன், அதுக்கு சண்ட. ‘உன் பாட்டு இனிமே ஓடாது பாரு’ன்னு சொன்னான்.”

“கோவத்துல சொல்லிருப்பாரு ண்ணா.”

“ஆறு வருஷம். அவங்க அம்மா கையால சோறு துன்னுகிறேன்.” கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றினான். “போன எடுக்க மாட்றான். தப்பு பண்லன்னா எடுக்க வேண்டிதான?”

வேன் வந்துவிட்டது, அதனால் சொல்ல முடியவில்லை என்று நான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். வேன் வர ஏழு நிமிஷம் இருந்தது. ஏழு நிமிஷம் அவன் பக்கத்தில் நின்று, ஜான்சனை அவன் திட்டத் திட்ட, பஸ் நம்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பூமியில் என் எழுத்தைப் படித்து நன்றி சொன்ன ஒரே ஆள் அவன். அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கோபக்காரி என்று ஊரெல்லாம் பேர். அந்தக் கோபம் எல்லாம் அடுத்தவர்கள் செய்த தப்புக்கு மட்டும்தான் வரும் போலிருக்கிறது.

நாலு நாள் கழித்து அந்தப் பாட்டு வந்தது.

புது ஐடி. கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் நின்று போனில் எடுத்தது. தாளம் கிடையாது. டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்து முட்டியால் தட்டுகிறான். அதே லீவு கேட்கிற குரல்.

*ஐஸு வெச்ச மீனு எத்தினி நாளு தாங்கும்?*
*உள்ள கெட்ட சிநேகம் ஒரு நாளு நாறும்*
*கோவளத்துக் கூடையில கொடல மறச்சி விப்பான்*
*கூட இருந்தவன் முதுகுலயே செதிலு சொரண்டிப் பாப்பான்*

ஜான்சன் பேரையும் சொல்லியிருந்தான். அம்மா மீன் விற்பதையும்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் தடவை கேட்டபோது எனக்கு வெட்கம் வரவில்லை. மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு தடவை கேட்டேன். ஆறு வருஷத்தில் அவன் எழுதியதில் இதற்கு நிகர் இல்லை. மூச்சே விடாமல் எட்டு வரி போய், ‘சோறு துன்ன கையி’ என்கிற இடத்தில் டிபன் பாக்ஸ் தட்டுவதை நிறுத்துகிறான் பாருங்கள், அந்த இடைவெளியை எந்த ஸ்டுடியோவிலும் வாங்க முடியாது. பன்னிரண்டாவது தடவைதான் அது என்னால் எழுதப்பட்ட பொய் என்பது உறைத்தது.

இரண்டு நாளில் மூன்று லட்சம். முதல் வரியை மட்டும் எடுத்து ஆளாளுக்கு வீடியோ போட்டார்கள். காதலி ஏமாற்றியவன், பார்ட்னர் ஏமாற்றியவன், எல்லாருக்கும் அந்த மீன் பொருந்தியது. ஆபீஸ் பஸ்ஸில் முன் சீட்டில் ஓடியது. அப்பா லாரியின் கிளீனர் ரிங்டோனாக வைத்துக்கொண்டான். தேஜஸ் பகிர்ந்து, ‘ஃபுல் ஃபயர்’ என்று எழுதியிருந்தான். மாமல்லபுரத்தில் பெரிய மேடை, ஜெகதீசன்தான் கடைசியில் ஏறுகிற பெரிய ஆள் என்று போஸ்டர் வந்தது. ‘ஏரி’ போட்டபோது இந்த நாய்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள்?

அன்றைக்கு மதியமே அவனைப் பிடித்தேன். ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு. மெயிலைத் திறந்து கையில் கொடுத்தேன். ஆங்கிலம், அதனால் நானே வரி வரியாகச் சொன்னேன். என்ன போட்டேன், ஏன் போட்டேன், ஜான்சனுக்கு இதில் எதுவும் தெரியாது, எல்லாம்.

போனை என்னிடம் திருப்பித் தந்தான். “நீயா?”

“நான்தான் ண்ணா. மனைக்காரன விடக் கூடாதுன்னு…”

“வேற யாருக்காச்சும் சொன்னியா?”

அடிப்பான் என்று நினைத்தேன், அழுவான் என்று நினைத்தேன். இதைக் கேட்பான் என்று நினைக்கவில்லை.

“இல்ல.”

“சொல்லாத.”

“ண்ணா, அந்தப் பாட்ட எடுத்துருங்க. ஜான்சன் எதுவும் பண்ல.”

“எட்க்கலாம். ஷோ முடியட்டும்.” படிக்கட்டில் உட்கார்ந்தான். “ஆறு வருஷம் பாடினேன் தமிழு. பதினேழு பாட்டு. அத்தினியும் உண்ம. எத்தினி பேரு கேட்டாங்க? நீ கேட்ட. நீ ஒருத்தி.”

“அதுக்காக?”

“எழுதுறப்ப அது எனக்கு உண்மதான? நான் பொய்யி எழுதல. அழுதுகினே எழுதினேன். இப்ப வந்து நீ பொய்யின்ற. எழுதினது எப்டி பொய்யாவும்?”

“அந்தம்மா மீன் விக்கிறாங்க,” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்மா. எனக்குத் தெரியாதா?” என்று கத்தினான். அவன் கத்தி அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். “நீதான பண்ண! நீ பண்ணிட்டு என்ன எறங்குன்ற?”

எழுந்து போய்விட்டான். பாட்டின் கீழே நடந்ததை எல்லாம் எழுதினேன். பழையபடி பத்தி பத்தியாக. ‘இந்தப் பொண்ணு ஜான்சன் ஆளு’, ‘வயித்தெரிச்சல்’ என்று பதில்கள் வந்தன. இன்னும் அசிங்கமாகவும் வந்தன. பத்து நிமிஷத்தில் என் எழுத்து காணாமல் போனது. பிறகு அந்தப் பக்கமே எனக்குத் திறக்கவில்லை. அப்பா போனிலிருந்து எழுதினேன். அதுவும் போனது. ஆபீஸ் மெயிலும். மூன்று ஐடியும் என்னுடையவை என்று அவனுக்குத் தெரியும். நான்தான் ஒரு நாள் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேளம்பாக்கத்தில் இறங்கி, பஸ் மாறி, கோவளம் போனேன்.

ஜான்சனின் அறையில் புடவைகள் இல்லை. சுவர் வெறுமையாக, ஆணிகள் மட்டும் இருந்தன. அவன் தரையில் உட்கார்ந்து வலை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். அண்ணனோடு கடலுக்குப் போகிறானாம். தேஜஸ் வேலை போய்விட்டது. நண்பனுக்குத் துரோகம் பண்ணியவனை வைத்துக்கொண்டால் தேஜஸுக்கு வைப் கெட்டுவிடும்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஊசியை நிறுத்தவில்லை. முடிந்ததும், “நான்னு நெனச்சான், இல்ல?” என்றான். “ஒரு வாட்டி நேர்ல வந்து கேக்கல. நான் அன்னிக்கி ஆளு பத்தலன்னு அண்ணன்கூட போட்லயிருந்தேன், டவர் கெடையாது, அதான் போனு எடுக்கல.”

“பாட்டு கேட்டீங்களா?”

“கேட்டேன்.” நூலில் ஒரு முடிச்சுப் போட்டான். “ரெக்கார்டிங் கேவலம். காத்து அடிக்குது, டிபன் பாக்ஸ் குரல மேல ஏறி மிதிக்குது. நான் இருந்தா வுட்டிருக்க மாட்டேன். ஆனா ரெண்டாவது பாரா… அவன் எழுதினதுலயே அதான் சிஸ்டர். அதான் டாப்பு.”

“பழைய பாட்டெல்லாம் உங்க லேப்டாப்புல இருக்குமே. பதினேழும்.”

“இருந்துச்சி.” நூலைப் பல்லால் கடித்தான். “அந்தப் பாட்டு வந்த அன்னிக்கே அழிச்சிட்டேன்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். ‘ஏரி’ போய்விட்டது. பேட்ஜ் பாட்டு, விரல் பாட்டு, அலை விழுந்த மூன்றாவது பாட்டு. எதுவும் இனி எங்கும் இல்லை.

வாசலில் அன்னக்கூடையை இறக்குகிற சத்தம் கேட்டது. அவன் அம்மா லூர்தம்மா. விற்காத மீன் பாதிக்கு மேல் கூடையிலேயே இருந்தது. ஐஸ் உருகி ஓரத்தில் சொட்டியது.

“யார்ரா இது?”

நானே சொன்னேன். அன்றைக்கு இரண்டாவது தடவை சொல்லும்போது கதை சின்னதாகிவிட்டது. நாலு வாக்கியத்தில் முடிந்தது. அந்தம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி கேட்டார்கள்.

“படிச்ச பொண்ணா நீ?”

“ஆமாம்மா.”

“இன்னா வேல?”

“சிறுசேரில. ஃபாரத்துல கட்டமெல்லாம் சரியா போட்டுகிறாங்களான்னு பாக்கிற வேல.”

“அப்ப அந்தக் கட்டத்துல இன்னா எழுதிருந்துதுன்னு படிச்சிட்டுதான் போட்டியா?”

“படிச்சிட்டுதான்மா போட்டேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“நாலு நாளா பைக்குல வர்றவன் போறவன்லாம் என் மூஞ்சிக்கி நேரா அந்தப் பாட்ட பாடிட்டுப் போறான். ஐஸு வெச்ச மீனு, ஐஸு வெச்ச மீனுன்னு. காலைல புட்ச்ச மீனு இது. எடுத்து மோந்து பாக்கிறாளுங்க. போன்ல எழுதினேன், அழிச்சிட்டான்றியே, அதெல்லாம் எனக்கு வாணாம். நாளைக்கிக் காலைல பஸ் ஸ்டாப்புக்கு வா. நான் கூடை எறக்குற எடத்துல நின்னு சொல்லு. வாயால சொல்லு.”

திங்கட்கிழமை லீவு கேட்டேன். கொடுக்கவில்லை. லீவு போடாமலே கோவளம் போனேன்.

ஏழு மணிக்குக் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது? தாளம், தளம், உரிமை என்று எதைச் சொன்னாலும் மீன் வாங்க வந்தவர்களுக்குப் பைத்தியம் பேசுவது போலிருந்தது. பைக்கில் இரண்டு பேர் வேகத்தைக் குறைத்தார்கள். ஐஸு வெச்ச மீனு என்று இழுத்தார்கள். “அது பொய்யி. தப்பு பண்ணது நான்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன், “இன்னா க்கா, நீயும் மீனா?” என்றான். வண்டி போய்விட்டது.

பதினொன்று வரை நின்றேன். நாலு பேர் நின்று கேட்டார்கள். ஒரு டீச்சரம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, “எந்தப் பாட்டும்மா? நான் கேட்டதில்லயே,” என்றார். ஒருவர் நடுவிலேயே சங்கரா என்ன விலை என்றார்.

லூர்தம்மா மீதி மீனின் மேல் சாக்கை நனைத்துப் போட்டார்கள். நான் செருப்பை மாட்டினேன்.

“நாளைக்கும் வா,” என்றார்கள். “ஆறு மணிக்கே வா. ஏழுக்கு வந்தா கம்பெனி வண்டிக்குப் போற பசங்கல்லாம் போயிட்றாங்க.”